பழைய ஏஆர்எம் தின் கிளையன்ட்: வந்த கேர்னலா, மெயின்லைனா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சனசமூக நிலையத்துக்கு ஏஆர்எம் சிப் உள்ள பழைய தின் கிளையன்ட் (சேர்வரை நம்பி ஓடும் சின்னக் கணினிப் பெட்டி) ஒன்று வந்து சேர்ந்தால், லினக்ஸ் போட இரண்டு வழி இருக்கு.

பெட்டியோடு வந்த கேர்னலை (வன்பொருளை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி) அப்படியே வைத்துக்கொண்டு, ரூட் ஃபைல்சிஸ்டத்தை, அதாவது மற்ற நிரல்களும் கோப்புகளும் உள்ள பகுதியை மட்டும், டெபியன் என்ற லினக்ஸ் வகையாக மாற்றலாம். திரையும் சத்தமும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் கேர்னல் 3.2க்குக் கீழே என்றால் இன்றைய ஜிலிப்சி (டெபியன் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) ஓடவே மறுக்கும். பழைய டெபியனோடுதான் காலம் தள்ள வேணும். பாதுகாப்புத் திருத்தங்களும் வராது.

மற்ற வழி மெயின்லைன் கேர்னல், அதாவது லினக்ஸ் திட்டமே வெளியிடும் மூல கேர்னல். அதில் பாடு கூட. இந்தப் பெட்டிகளில், சாதாரண பிசியில் வன்பொருள் விவரத்தைக் கேர்னலுக்குக் கொடுக்கும் பயாஸ் இல்லை. எந்த முகவரியில் எந்த வன்பொருள் என்று கேர்னலுக்குச் சொல்ல டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பு வேணும். உங்கள் போர்டுக்கு அது இல்லையென்றால், ஒரே சிப் உள்ள இன்னொரு போர்டினுடையதை எடுத்துத் திருத்த வேணும். கேர்னலை ஏற்றித் தொடக்கிவைக்கும் பூட்லோடரான யூ-பூட்டோடு பேச சீரியல் கேபிளும் தேவை. அது பெரும்பாலும் 3.3 வோல்ற், 5 வோல்ற் கொடுத்துப் பொசுக்கிப்போடாதேங்கோ! கடைசியில் கிராபிக்ஸ் வராமலும் போகலாம்.

பிள்ளைகள் திரையில் படிக்க என்றால் முதலாவது, இணையத்தில் இணைக்காமல். பாடக் கோப்புகளைப் பகிரும் சேர்வர் என்றால் நான் மெயின்லைனைத்தான் எடுப்பன்: திரையே தேவையில்லை, சில வாட் போதும், கரண்ட் நின்றாலும் சோலார் பற்றரியில் ஓடும்.

பூட்லோடர் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் கேட்டுப் பூட்டியிருந்தால் மெயின்லைன் சரிவராது; ரூட் ஃபைல்சிஸ்டத்துக்கும் கையொப்பம் கேட்டால் முதலாவதும் சரிவராது.