எம்.எட்.டா, மனித மேம்பாட்டு எம்.எஸ்சி.யா?

குடியாத்தம், காட்பாடிப் பக்கம் நர்சரி வகுப்பெடுக்கும் பெண்கள் பலர், அடுத்து எம்.எட். (கல்வியியல் முதுநிலை) படிப்பதா, குழந்தை வளர்ச்சியைப் படிக்கும் மனித மேம்பாட்டு (Human Development) எம்.எஸ்சி. படிப்பதா என்று தவிக்கிறார்கள்.

தகுதி: எம்.எட்.டுக்கு பி.எட்.டில் 50 சதவீதம். எம்.எஸ்சி.க்குப் பெரும்பாலும் மனையியல் சார்ந்த இளநிலைப் பட்டம்.

காலம்: இரண்டும் 2 ஆண்டு.

பாடம்: இங்கேதான் நிதானம் வேண்டும். எம்.எட். பள்ளிக்கல்வி முழுவதற்குமானது, 3–6 வயது அதில் ஒரு மூலைதான். எம்.எஸ்சி.யில் மழலையர் அறையில் உட்கார்ந்து, மூன்று வயதுக் குழந்தை மணி கோக்கும்போது விரல் எப்படி மடங்குகிறது என்பதுவரை கவனித்து எழுதப் பழகலாம்.

சிக்கல்: கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இல்லையென்றால் எம்.எட். வீண், பணம் கட்டுமுன் பாருங்கள். எம்.எஸ்சி.க்குக் கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம் வரை போனால் விடுதிச் செலவு தனி.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்க எம்.எட். வளர்ச்சி தாமதமான குழந்தைகளோடு வேலை செய்ய, மழலையர் பள்ளி நடத்த, எம்.எஸ்சி.தான் என் பரிந்துரை.