‘ஐந்து வருட’ செராமிக் கோட்டிங்: பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பெயின்டைப் பாதுகாக்க அதன் மேல் பூசும் செராமிக் கோட்டிங் போட்டாகிவிட்டது என்று சொல்லி என் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரில் அந்தக் கோட்டிங்கே இல்லை. 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கீறல்களைத் தற்காலிகமாக மறைக்கும் ஏதோ ஒரு பளபளப்புப் பூச்சைத் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள். சென்னை ஓஎம்ஆர் பக்கம் இந்தக் கடைகள் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

என் கார் கறுப்பு. கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு வெயிலில் தெரியும் வட்ட வட்டக் கீறல்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் அபார்ட்மெண்ட்டின் எல்லா கார்களையும் துடைத்தால் அந்தத் துணியில் இருக்கும் மண்ணே பெயின்டைக் கீறிவிடும். இத்தனை நாளும் நான் கார்னாபா வேக்ஸ்தான் போட்டு வந்தேன். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. நல்ல மினுமினுப்பு தரும், ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஷாம்பு கழுவலிலும் ஓரிரு மாதத்துக்கு மேல் தாங்காது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். அந்த வேலை மிச்சமாகும் என்றுதான் கோட்டிங் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தவர் சொன்னது: “சார், ஒரு தடவை போட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம். மூணு லேயர். 9எச் கடினம். வைரம் பத்துன்னா இது ஒன்பது. சாவியால கீறினாலும் கோடு விழாது.”

இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள். 9எச் என்பது பென்சில் கணக்கு. 6பி-யில் தொடங்கி 9எச் வரை பென்சில்களை 45 டிகிரி சாய்வில் பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் வரை கோடு விழவில்லையோ அதுதான் பூச்சின் கடினம். வைரத்துக்குப் பத்து என்று சொல்வது கனிமங்களுக்கான மோஸ் அளவு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்புறம் தடிமன். காரில் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். செராமிக் ஒரு லேயருக்கு ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் வந்தால் பெரிது. அதை வைத்துச் சாவியையும் தெறிக்கும் கல்லையும் தடுக்க முடியாது. கல்லடிக்கு வேண்டியது பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம். அது 150, 200 மைக்ரான் கனம், விலையும் பல மடங்கு.

இதனால் செராமிக் கோட்டிங்கே மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல சரக்கை ஒழுங்காகப் போட்டால் அது வேக்ஸைவிட நிச்சயமாக மேல். மெழுகு பெயின்டின் மேலே படிந்து கிடக்கிறது. இதுவோ சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம், கிளியர் கோட்டோடு பிணைந்து கெட்டியாகிறது. ஷாம்புவுக்குக் கரையாது. தண்ணீர் முத்து முத்தாக உருளும், சேறு சுலபமாகக் கழன்று வரும், பறவை எச்சம் பெயின்டை அரிப்பதற்குள் கழுவ நமக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் உப்புத் தண்ணீர்க் கறைக்கு இது மருந்தில்லை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் அப்படியே காய விட்டால், முத்தாக நிற்கும் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டம் போடும். கோட்டிங் இருந்தாலும் போடும்.

சரி, ஏமாற்று எங்கே நடந்தது? கோட்டிங் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையில். முறையாகச் செய்தால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடிக்க வேண்டும், துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அதற்கப்புறம் களிமண் போன்ற கிளே பாரால் முழு காரையும் தேய்த்து, ஒட்டியிருக்கும் மற்ற அழுக்கை எடுக்க வேண்டும். அடுத்து மிஷினில் காம்பவுண்ட், பாலிஷ் என்று கீறல்களை உண்மையாகவே நீக்க வேண்டும். கடைசியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் ஆக்கிய பிறகுதான் கோட்டிங். அதையும் கை அகலம் கை அகலமாகப் பூசி, சில நிமிடத்தில் சீராகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு 12 மணி நேரமாவது தண்ணீர் படாமல் உள்ளேயே நிற்க வேண்டும். அந்த 28,000-த்தில் பெரும்பங்கு இந்த உழைப்புக்கான கூலி. கறுப்பு காருக்கு இரண்டு நாள் ஆகும் என்று கடையில் அவர்களே சொன்னார்கள்.

காலையில் விட்டேன். அன்று சாயங்காலமே ஃபோன். “சார், வண்டி ரெடி.”

கடைக்குள் எல்ஈடி விளக்கு வரிசையின் கீழே கார் கண்ணாடி மாதிரி நின்றது. கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை. லேமினேட் செய்த வாரண்டி கார்டு ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் கழுவாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதில் கோட்டிங்கின் பிராண்ட் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. பில்லில் ‘கார் கேர் பேக்கேஜ்’ என்று மட்டும் இருந்தது.

சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. கழுவக் கழுவத் தண்ணீர் முத்தாக நிற்பது குறைந்தது, பிறகு நின்றே போனது. அதோடு பானட்டில் பழைய வட்டக் கீறல்கள் எல்லாம் திரும்ப வந்தன. கூடவே முன்பு இல்லாத நீள நீளமான பாலிஷ் மிஷின் தடங்கள் வேறு. கடைக்குப் போய்க் காட்டினேன். “உங்க ஏரியா தண்ணி அப்படி சார். மெயின்டனன்ஸ் வாஷுக்கு வேற நீங்க வரல. 4,500 கட்டுங்க, டாப்அப் பண்ணித் தர்றேன்” என்றார். மெயின்டனன்ஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அவர்கள் கார்டிலேயே இருக்கிறது, அந்தத் தேதி வரவே இல்லை. கார்டை நீட்டிக் காட்டிய பிறகும் அதே பதில்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கார் பாலிஷ், கோட்டிங் வேலை செய்யும் வேறொரு டீடெய்லரிடம் காட்டினேன். சின்னக் கடை, அவரே வேலை செய்கிறவர். முதலில் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கதவைத் தடவச் சொன்னார். சொரசொரவென்று இருந்தது. “அண்ணே, கிளே பார் இந்த வண்டி மேல படவே இல்ல” என்றார். அடுத்து பானட்டின் ஒரு மூலையில் ஆல்கஹால் கலவையை அடித்துத் துடைத்தார். மிச்சமிருந்த பளபளப்பும் துணியோடு வந்துவிட்டது, அந்தச் சதுரத்தில் மட்டும் கீறல் பளிச்சென்று தெரிந்தது. கெட்டியான செராமிக் கோட்டிங் இதற்கெல்லாம் அசையாது, எடுக்க வேண்டுமென்றால் மிஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். எண்ணெயும் நிரப்புப் பொருளும் கலந்த பூச்சுதான் இப்படிக் கரையும். கீறலின் பள்ளத்தை நிரப்பி மறைக்கும், கழுவினால் போய்விடும்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரையும் வைத்துப் பார்த்தார். இதுதான் எனக்கு வயிறு எரிந்த இடம். மற்ற பேனல்களில் 115 மைக்ரானை ஒட்டி இருந்த அளவு, பானட்டின் ஓரங்களில் 85 காட்டியது. அவசரத்தில் ஓரத்தில் மிஷினை அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. பணம் போனால் திரும்பி வரலாம். தேய்ந்த கிளியர் கோட் வராது, மறுபடி பெயின்ட் அடித்தால்தான் உண்டு.

எழுத்தில் புகார் அனுப்பியதும், இலவசமாகத் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். மறுத்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பப் போடுவது என்றால் திரும்பத் தேய்ப்பது, ஏற்கெனவே மெலிந்த இடம் இன்னும் மெலியும்.

கோட்டிங் போட நினைப்பவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பேனலிலும் தடிமன் அளவு எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்று சொல்லும் கடையிலிருந்து காரை வெளியே எடுத்துவிடுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்க வேண்டும், பிராண்டும் பேட்ச் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். பாலிஷ் முடிந்து ஆல்கஹாலில் துடைத்த நிலையில், கோட்டிங்குக்கு முன்னால், காரை வெயிலில் பார்த்தே தீருவேன் என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரருக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்காது. வாரண்டியில் எது சேராது என்ற பகுதியையும் படியுங்கள். தண்ணீர்க் கறை, கீறல், பறவை எச்சம் மூன்றையும் விலக்கிவிட்டால் அந்த ஐந்து வருடத்துக்கு அர்த்தமில்லை.

ஷோரூமில் டெலிவரி எடுக்கும்போது டெஃப்லான் கோட்டிங் என்று வாங்கும் பணமும் எனக்கு வீணாகவே படுகிறது. டெஃப்லான் உருகுவதே சுமார் 327 டிகிரியில். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூளையில் சுட்டு ஒட்டுகிறார்கள், கார் பெயின்டை அப்படிச் சுட முடியாது. நிழலில் நிற்கும் காருக்கு, தானே கழுவத் தயங்காதவருக்கு, வேக்ஸோ, அதைப் போலவே பூசும், நாலைந்து மாதம் தாங்கும் செயற்கைப் பூச்சான சிந்தெடிக் சீலன்ட்டோ தாராளமாகப் போதும். என் காரில் இப்போது மறுபடி வேக்ஸ்தான் இருக்கிறது.

புகாருக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில், கார்டு, பணம் அனுப்பிய விவரம், தேதியோடு வெயிலில் எடுத்த படங்கள், இன்னொரு டீடெய்லர் எழுதிக் கொடுத்த அளவுகள், இவை கையில் இருக்கட்டும். பிராண்ட் பெயர் இல்லாத இதே மாதிரி கார்டு உங்களிடமும் இருந்தால் இன்றே பில் தேதியைப் பாருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.