பாதப்புண் ஆய்வு: கேள்வி யாருடையதாக இருக்க வேண்டும்?

விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் பதியும் கூட்டத்துக்கு)க் கிளம்பி, இருட்டிய பிறகு ரப்பர் பூட்சைக் கழற்றும் தோட்டத் தொழிலாளியிடம் "தினமும் பாதத்தைப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டால், "பார்க்கிறேன் மிஸ்ஸி" என்றுதான் சொல்வார். கட்டை அவிழ்த்தால் குதிகாலில் இனிப்புநீரால் (நீரிழிவால்) ஆறாத புண். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வேலை பார்க்கும் தாதியருக்கு இது பழகிய காட்சி. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆய்வு தேவை. அதை யார் தொடங்குவது?

பல்கலைக்கழகம் கேள்வியை வகுக்க, வார்டுத் தாதியர் படிவம் நிரப்புவது முதல் வழி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், புள்ளியியல், நிதி எல்லாம் அவர்களுக்குக் கைவந்தவை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் வார்டுக்கு வந்த படிவத்தில் பாதக் கேள்விக்கு ஆம், இல்லை என இரண்டே கட்டங்கள். "ஆம்" என்று குறித்தேன். கண்முன் இருந்த புண்ணைக் குறிக்க இடமில்லை. முடிவும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

தாதியர் தனியாகவே செய்வது இரண்டாவது. கேள்வி உயிருள்ளதாக இருக்கும். பகுத்தாய ஆளின்றிக் குறிப்பேட்டிலேயே தங்கிவிடும்.

கேள்வியை எழுதும் நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து உட்காருவது மூன்றாவது. நான் நிற்பது இந்தப் பக்கம். இங்கிலாந்தில் தாதி டோரீன் நார்ட்டன் முதியோர் மருத்துவர் ஒருவருடன் இணைந்து 1962இல் வெளியிட்ட ஆய்வு, படுக்கைப்புண்ணைத் தடுப்பது தேய்க்கும் களிம்பல்ல, நோயாளியை முறையாகப் புரட்டிப் படுக்கவைப்பதே என்று காட்டியது. படுக்கைப்புண் வரும் அபாயத்தைக் கணிக்கும் அவருடைய ஐந்து அம்ச அளவுகோல் அங்கேதான் பிறந்தது.

எங்கள் பாதக் கேள்வியும் அப்படி மாறும்: எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள்? உள்ளங்காலை யார் பார்த்துச் சொல்கிறார்? கூடவே 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உணர்வைச் சோதித்துப் பதியலாம்.

இந்த வழி மெதுவானது. இரவுப்பணி முடித்தவரைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்தால் நடக்காது. பணி அட்டவணையிலேயே நேரம் ஒதுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயரும் முக்கியம். தரவு சேகரிப்பில் கணிசமாகப் பங்களித்தவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்புத் தர வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதி. அந்த வாய்ப்பே கொடுக்காமல் கட்டுரையாசிரியர் தகுதி இல்லை என்று ஒதுக்குவது அநியாயம்.

அடுத்த குழு வரும்போது, படிவத்தை அச்சடிக்குமுன் கட்டு மாற்றும் அறையில் ஒரு காலைப் பொழுது என்னோடு நிற்கச் சொல்வேன்.