மூலிகைக் கோர்ஸ் என்று ரூ. 68,400 பறித்தார்கள்: புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இதைத் தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டும். கைபேசிச் செயலி வழியாக மூலிகை மருந்து விற்கும் ஒரு நிறுவனம் என்னிடம் ரூ. 68,400 வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சில டப்பா பொடியும் ஒரு பொய்யான இரத்தப் பரிசோதனை அறிக்கையும் கொடுத்தது. பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நான் எழுதிய கடைசிச் செய்திக்குப் பதில் சொல்லாமல், நேற்று மாலை என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். பெயரை வெளியே சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறார்கள்; ஆகவே பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இப்படிப்பட்டவர்களிடம் சிக்காமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன், கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இடுப்பு வலியை மூட்டுத் தேய்மானம் என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருந்த காலத்தில், வேலூரில் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பொதுவாக 4-க்குக் கீழே இருக்க வேண்டிய அளவு எனக்கு 142 இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில், நோயின் வீரியத்தைக் காட்டும் கிளீசன் எண் 8 என்று வந்தது (எண் கூடினால் வீரியமும் கூடுதல்); எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் கீழ் முதுகிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது. இந்த நிலையில் சுரப்பியை வெட்டி எடுப்பதால் பயன் இல்லை, நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனை அடக்கி வைப்பதுதான் வழி என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விதைகளை அறுவை செய்து நீக்கிவிடலாம், அது ஒரே தடவையோடு முடியும், செலவும் குறைவு. அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டு வரலாம். நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு ஆண் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரை வெறும் வயிற்றில், துணைக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பி.எஸ்.ஏ. படிப்படியாக இறங்கி 0.9-க்கு வந்தது, வலியும் அடங்கியது. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்த நோய் சுருங்கும் என்பதை 1941-லேயே காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக அவருக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு பழைய, நிலைபெற்ற வைத்தியத்தைத்தான் அந்த நிறுவனத்தார் என்னிடம் “ஊசி வியாபாரம்” என்று சொன்னார்கள்.

வைத்தியம் நோயை அடக்கியது உண்மை. உடம்பை அது படுத்திய பாடும் உண்மை. உள்ளிருந்து நெருப்பு மூட்டியது போல ஒரு சூடு மார்பிலிருந்து முகத்துக்கு ஏறும், சட்டை நனைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் குளிரும். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில், நடு இரவில் இது வந்தால் எப்படியிருக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்பு லேசாகப் புடைத்து, சட்டை உரசினாலே வலித்தது. கை கால் சதை வற்றியது. தாம்பத்திய ஆசை என்பது அடியோடு போய்விட்டது. சிறுநீர் அவசரம் வேறு. வேலூருக்குப் பேருந்தில் போக அஞ்சி, கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ரயிலில் காட்பாடிக்குப் போய் இறங்குவேன். எலும்பு மெலியும் என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் என்று இடைவிடாத பரிசோதனைகள். இவற்றில் சிலவற்றை மருத்துவரிடம் சொல்லலாம். மகனிடமும் மருமகளிடமும் எதைச் சொல்வது?

இந்த இடத்தில்தான் அவர்கள் புகுந்தார்கள். எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரத்தில், கைபேசியில் ஒரு காணொளி வந்தது: “ஊசி இல்லாமல், ஆண்மை குறையாமல் பி.எஸ்.ஏ.வைக் குறையுங்கள்.” அதில் எண்ணைப் பதிந்தவுடனே ஒரு பெண் அழைத்தார். மருந்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. “அப்பா, ராத்திரியில எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? அந்தச் சூடு வர்றப்ப நெஞ்சு படபடக்குதா? மார்புல வலி இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். யாரிடமும் சொல்லாத ஒன்றை, நான் சொல்வதற்கு முன்பே, கூச்சப்படாமல் அவரே கேட்டுவிட்டு, “உங்க பொண்ணுகிட்ட சொல்றதா நெனச்சுச் சொல்லுங்க” என்றார். பேச்சிலே நம் வட ஆற்காட்டு வாடை இருந்தது. சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம் என்றார். என் அறிக்கைகளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்து, கிளீசன் எண்ணையும் ஸ்கேனில் இருந்ததையும் சரியாகவே படித்துச் சொன்னார். மருத்துவமனையில் நீண்ட வரிசையில் காத்திருந்து சில நிமிடம் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்கும் ஒரு குரல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் அவர்களுடைய சரக்கு, பொடி அப்புறம்தான்.

முதல் தவணையாக ரூ. 22,800 கட்டினேன். பொடி வந்த சில வாரத்தில், “ஆங்கில மருந்து உடம்பில் இருக்கும்வரை மூலிகை ஏறாது, மாத்திரைகளை நிறுத்துங்கள், அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுங்கள்” என்று அதே பெண் கட்டாயப்படுத்தினார். அவர்களுடைய ‘மூத்த வைத்தியர்’ என்று ஒருவரும் தொடர்பில் வந்து அதையே சொன்னார். நானும் நிறுத்திவிட்டேன். பிறகு இரண்டாம் கட்டம் என்று ரூ. 30,600. இரத்தம் எடுக்க எங்கள் ஆளே வீட்டுக்கு வருவார், இலவசம் என்றார்கள். இரு சக்கர வண்டியில் ஒரு பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான்; மறுநாள் வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்தது: பி.எஸ்.ஏ. 0.4. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் ‘வேரறுக்கும் கட்டம்’ என்று ரூ. 15,000 வாங்கினார்கள். ஆக மொத்தம் ரூ. 68,400. ஒவ்வொரு முறையும் யூபிஐ வழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, ஏதோ தனி நபர்களின் பெயர்களுக்கு.

இடுப்பு வலி திரும்பி வந்தது. எழுந்தால் தலை சுற்றியது. மகன் வற்புறுத்தி வேலூருக்கு அழைத்துப் போனான். அங்கே எடுத்த பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 18.6.

இரண்டு அறிக்கைகளையும் மேசை மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மருத்துவமனை அறிக்கையில் அளவு ‘நானோகிராம் / மில்லிலிட்டர்’ என்று இருக்கிறது; பி.எஸ்.ஏ. நம் ஊரில் வழக்கமாக அப்படித்தான் எழுதப்படும். அவர்கள் அனுப்பியதில் ‘மில்லிகிராம் / டெசிலிட்டர்’ என்று இருந்தது. அது சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் போடுகிற அலகு. ஏதோ ஒரு சர்க்கரை அறிக்கையை எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றி, அலகை மாற்ற மறந்திருக்கிறார்கள். கையெழுத்திட்ட நோய்க்குறியியல் மருத்துவரின் பதிவு எண் இல்லை. ஆய்வகத்தின் முகவரியும் இல்லை. என் இரத்தம் ஏதாவது ஆய்வகத்துக்குப் போனதா, வழியிலேயே சாக்கடையில் ஊற்றப்பட்டதா என்பது அந்தப் பையனுக்குத்தான் வெளிச்சம்.

மருத்துவர் அன்றைக்கே ஊசி போட்டு, மாத்திரைகளை மீண்டும் தொடங்கினார். அவர் அதிகம் கோபப்பட்டது பிரெட்னிசோலோனை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னதற்காக. அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவருக்கு உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி டப்பாவைக் காட்டினேன். பி.எஸ்.ஏ. ஒருவேளை உண்மையாகவே குறைந்திருந்தாலும் நம்பக் கூடாது என்று சொல்லி, அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னார். எட்டு மூலிகைகளின் கலவை என்று ‘பி.சி.-ஸ்பெஸ்’ என்ற பெயரில் விற்ற மாத்திரை பலருக்கு பி.எஸ்.ஏ.வைக் குறைத்தது, சோதித்துப் பார்த்தபோது அதில் ஆண் ஹார்மோனை அடக்கும் செயற்கைப் பெண் ஹார்மோனும், இரத்தத்தை இளக்கும் வார்ஃபரினும் இருந்தது தெரிந்து, 2002-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஊசி வேண்டாம் என்று ஓடுகிறவருக்கு அதே ஹார்மோன் வைத்தியத்தைக் கணக்கில்லாமல் ஒளித்துக் கொடுத்த கதை அது. என் டப்பாவில் அந்த அளவுக்குக்கூட எதுவும் இல்லை போலிருக்கிறது.

அதன் பிறகு அவர்கள் சொன்ன சாக்குகளைக் கேளுங்கள். முதலில், “நச்சு வெளியேறும்போது அளவு ஏறித்தான் இறங்கும்” என்றார் அந்தப் பெண். அறிக்கையில் அலகு தவறாக இருக்கிறதே என்றதும், “அது அச்சுப் பிழை சார், லேப் டிபார்ட்மென்ட்ல சொல்றேன்” என்றார். அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. வேறொருவர் வந்து, நீங்கள் கோர்ஸை முடிக்கவில்லை, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்றார். மூத்த வைத்தியர் கூப்பிடுவார் என்று நாள் நாளாகக் காக்கவைத்தார்கள். மின்னஞ்சலுக்கு உடனே பதில் வரும், ஆனால் எப்போதும் ஒரே பதில்: உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம். ரூ. 68,400-ஐ முழுவதும் வேண்டாம், பிரிக்காத டப்பாக்களுக்கு உரியதையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, “உணவுப் பொருளைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை” என்றார்கள். புற்றுநோயை வேரறுக்கும் என்று விற்றபோது மருந்து. பணத்தைக் கேட்டால் உணவு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அது உண்மைதான்: உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் மட்டும்தான் அதில் இருக்கிறது, சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு இருக்க வேண்டிய தயாரிப்பு உரிம எண் இல்லை. சித்த வைத்தியத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, முறையாகப் படித்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் அந்தப் பெயரை விற்றுப் பிழைக்கிறவர்கள்.

அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஆரணியைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். அவருக்கு நோய் தொடக்க நிலை, கிளீசன் 6. உடனே எதுவும் செய்ய வேண்டாம், பி.எஸ்.ஏ.வும் ஸ்கேனும் எடுத்துக் கண்காணித்து வரலாம் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். “கைவிட்டுவிட்டார்கள், அதனால்தான் வைத்தியம் பார்க்க மறுக்கிறார்கள்” என்று அவரைப் பயமுறுத்தி, எனக்கு விற்ற அதே டப்பாவை அவருக்கும் விற்றிருக்கிறார்கள். கண்காணிப்பு என்பது கைவிடுவது அல்ல. பிரிட்டனில், சுரப்பியைத் தாண்டாத நோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது; எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். வேறுபாடு பக்க விளைவுகளில் இருந்தது: அறுவை செய்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் அதிகம், கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குக் குடல் தொந்தரவு அதிகம். அவருடைய நோய் வேறு, என் நோய் வேறு. எலும்புக்குப் பரவிய எனக்கும், வெறும் கண்காணிப்பு போதும் என்ற அவருக்கும் ஒரே பொடி, ஒரே விலை என்றால், விற்கிறவனுக்கு நோயைப் பற்றி அக்கறை இல்லை என்றுதானே பொருள்? இதைக் குழுவில் கேட்டேன். கேட்ட சில நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இருக்கிற ஆத்திரத்தில் அவ்வளவு எழுத வரவில்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஊசியையோ மாத்திரையையோ நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், உங்களுக்கு அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். விற்கிறவனே எடுக்கும் இரத்தப் பரிசோதனையை நம்பாதீர்கள். நீங்களே ஓர் ஆய்வகத்துக்குப் போய் எடுங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் வந்தாலே விலகிவிடுங்கள். சூடு, கசிவு, ஆசைக் குறைவு ஆகியவற்றை மருத்துவரிடமே சொல்லுங்கள்; நான் இப்போது சொன்னேன், சூட்டுக்குத் தனி மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பணம் போனது தெரிந்தவுடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். நாளாகிவிட்டால் கணக்கில் எதுவும் மிஞ்சாது என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். பணம் கொடுத்துப் பொருள் வாங்கியிருப்பதால் நுகர்வோர் வழக்கும் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அடுத்த வாரம் வேலூரில் போடப்போகிறேன். ஊசியும் மாத்திரையும் முன்பு போலக் கேட்குமா என்பது அடுத்த பி.எஸ்.ஏ.வில்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இந்த நிறுவனம் என்ன விலை கொடுக்கும் என்பதையும் ஆணையத்தில் கேட்கத்தான் போகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இதே போலப் பொடியும் பொய் அறிக்கையும் வாங்கியவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய யூபிஐ முகவரியையும் தொகையையும் தேதியையும் அழித்துவிடாமல் எடுத்துவைத்து, தனிச் செய்தியில் எழுதுங்கள், என் ரூ. 68,400-க்கான மனுவோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன்.