கிட்டுடன் எட்டு ஆண்டுகள்: ஒரு மெய்ப்புக் குழுவின் அனுபவம்

பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்க்கும் சிறு குழு எங்களுடையது. சென்னையில் மூவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர். ஒரே அத்தியாயத்தை இருவர் தனித்தனியாகத் திருத்தி ஒரு வார உழைப்பு வீணானதும், கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளுக்கு மாறினோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே கருவிதான்.

இதில் ஒவ்வொருவர் கணினியிலும் திருத்தங்களின் முழு வரலாறும் இருக்கும். வேலை செய்ய இணையம் வேண்டியதில்லை. இதன் அருமை 2022இல் தெரிந்தது. அந்த மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. யாழ்ப்பாண நண்பர் பேட்டரி தாங்கும் வரை திருத்தி, கமிட் செய்து, அதாவது திருத்தத்தைக் கிட்டின் வரலாற்றில் பதிந்து வைப்பார். மின்சாரம் வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

தலைவலியும் உண்டு. கிட் வரி வரியாக ஒப்பிடும். எங்களுக்கோ ஒரு பத்தியே ஒரு வரி. ஒரே பத்தியில் இருவர் கை வைத்தால் மோதல்தான். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று மாற்றிய பிறகே மூச்சு வந்தது.

இன்னொன்று விசித்திரமானது. ஒரே ஒரு காற்புள்ளியைத் திருத்தியதாக டொராண்டோ நண்பர் சொன்ன கோப்பில் நானூறு வரிகள் மாறியிருந்தன. உற்றுப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கிட்டுக்கு வேறு வேறு. அவருடைய மென்பொருள் அத்தனையையும் பிரித்துச் சேமித்திருந்தது. இப்போது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்பு ஒரு சிறு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் குட்டி நிரல்) அவற்றைச் சேர்த்துவிடுகிறது. தமிழில் பணிபுரிபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

கிட்டால் தீராத சண்டை ஒன்று இருந்தது. அச்சில் 'எழுத்துக்கள்', சென்னை நண்பர் 'எழுத்துகள்' ஆக்கினார், யாழ்ப்பாணத்தவர் மீட்டார், அவர் மறுபடி மாற்றினார். யார், எப்போது மாற்றினார் என்று கிட் துல்லியமாகச் சொல்லும், எது சரி என்று சொல்லாது. கெர்னலில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒரு கோப்பே உண்டு. அதைப் பார்த்து நூலுக்கு ஒரு பொறுப்பாளரை வைத்தோம். அச்சில் உள்ளபடியே இருக்கட்டும் என்றார் அவர். சென்னை நண்பர் தலையாட்டினார். ஆனால் அவர் கணினியில் 'எழுத்துகள்' கிளை, அதாவது அவர் தனியாக வைத்திருக்கும் பதிப்பு, இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதம் ஒரு முறை எங்கள் திருத்தங்களை அதில் மெர்ஜ் செய்து (இணைத்து)கொள்கிறார்.