மின்கம்பத்தில் கேபிள்: இரும்புக் கம்பியா, ஏ.டி.எஸ்.எஸ்.ஸா, தனிக் கம்பமா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கேபிள் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய கோஆக்சியலை, அதாவது உலோகக் கம்பி வைத்த டிவி கேபிளை, கழற்றிவிட்டுக் கண்ணாடி இழை வைத்த ஃபைபர் இழுக்க வேண்டும். கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் கம்பத்துக்கு வாடகை கட்டியாகிவிட்டது. இனி எதை இழுப்பது? இரும்புக் கம்பியில் தொங்கும் கேபிளா, எட்டு வடிவக் கேபிளா, உலோகமே இல்லாத ஏ.டி.எஸ்.எஸ். கேபிளா, இல்லை தனிக் கம்பமா? மீட்டர் விலையைப் பார்த்தால் ஒரு பதில் வரும். கம்பத்தில் ஏறுகிறவனின் உயிரைப் பார்த்தால் வேறு பதில் வரும். இரண்டையும் வைத்துத்தான் இந்த அலசல்.

முதலில் கம்பத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊர்த் தெருவில் நிற்கும் சாதாரண லோ டென்ஷன் (குறைந்த அழுத்த) கம்பம் 8 மீட்டர் கான்கிரீட் கம்பம். ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போனால் வெளியே நிற்பது ஆறரை மீட்டர். கரண்ட் கம்பி ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், ரோட்டோரமாகப் போகும்போது 5.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. கீழிருந்து மேலே வருவது லாரி. சரக்கு லாரிக்கு 4 மீட்டர் உயரம்தான் அனுமதி என்றாலும், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தேங்காய் மட்டை லாரியையும் சித்தூர் வயல்களிலிருந்து கிளம்பும் வைக்கோல் லாரியையும் பார்த்தவர்கள் அந்த வரம்பை அவ்வளவாக நம்ப மாட்டார்கள். ஆக, மேலே மின்சாரம், கீழே லாரி. நடுவில் இருக்கிற ஒன்றரை மீட்டர் சொச்சத்தில்தான் கேபிளின் வாழ்க்கை.

அந்த ஒன்றரை மீட்டரும் முழுதாக நமக்கு இல்லை. அமெரிக்காவில் மின்கம்பத்தைப் பல நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்துவது பழைய வழக்கம். அங்கே மின்கம்பிக்கும் அதற்குக் கீழே உள்ள முதல் கேபிளுக்கும் நடுவே கம்பத்தில் 40 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர், காலியாக விட்டாக வேண்டும். கேபிள்காரன் மின்சார வேலை படித்தவன் இல்லை. அவன் தலையும் கையும் மின்கம்பியை எட்டாமல் இருக்கத்தான் அந்த இடம். அந்த அளவு நம் சட்டத்தில் இருந்து எடுத்தது இல்லை. ஆனால் ஆள் உயரமும் கை நீளமும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே. "மேலே ஒரு முழம் இடம் கிடக்கே அண்ணா, அங்கே கட்டிக்கட்டுமா?" என்று ஏணியில் நிற்கும் பையன் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும். அது சும்மா கிடக்கிற இடம் இல்லை.

இப்போது முதல் வழி. ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), அல்லது கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே ஒயரில் பழையதை, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி, அதில் கேபிளைத் தொங்கவிட்டு முழத்துக்கு ஒரு கட்டுக்கம்பி போடுவது. டிவி கேபிள் வந்த காலத்திலிருந்து நம்மூரில் இதுதான் பழக்கம். கம்பி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், யாருக்கும் கட்டத் தெரியும், தென்னை மட்டை விழுந்தாலும் சட்டென்று அறுந்துவிடாது. இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள், "அமெரிக்காவிலேயே ஸ்டீல் கம்பியில்தான் கட்டுகிறார்கள்" என்று ஒரு வாதம் வைப்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அந்த ஸ்டீல் கம்பியைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மின்வாரியத்தின் நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) முறைப்படி இணைத்திருப்பார்கள். அந்த நியூட்ரலையும் வழிநெடுக எர்த் செய்திருப்பார்கள். மேலிருந்து மின்கம்பி அறுந்து விழுந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து ஃப்யூஸ் போய்விடும். பாதுகாப்பு அந்த இணைப்பில் இருக்கிறது. நாம் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு இணைப்பை விட்டுவிட்டோம். கே.எஸ்.இ.பி. நியூட்ரலில் கை வைக்க நமக்கு உரிமையும் கிடையாது, வைக்கவும் கூடாது.

"சரி, நானே ஒரு எர்த் ராடு அடித்துக்கொள்கிறேன்" என்றால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கோடையில் மண் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று தெரியும். அங்கே அடித்த ராடின் தடை 40 ஓம் என்று வையுங்கள். 240 வோல்ட் கம்பி ஒன்று அறுந்து நம் ஜி.ஐ. கம்பிமேல் விழுகிறது. ராடு வழியாகப் பூமிக்குப் போகும் கரண்ட் 240 வகுத்தல் 40, வெறும் 6 ஆம்பியர். ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழு லோடு மட்டுமே 139 ஆம்பியர். இந்த 6 ஆம்பியரை அங்கே இருக்கும் ஃப்யூஸ் கண்டுகொள்ளவே செய்யாது. ஃப்யூஸ் போகாது, லைன் ஆஃப் ஆகாது, தெரு முழுக்க நீளும் அந்தக் கம்பி உயிரோடு கிடக்கும். வீட்டில் ஆளைக் காப்பாற்ற நாம் வைக்கும், கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியரிலேயே டிரிப் ஆகும்படி செய்தது. அந்த 6 ஆம்பியர் அதைப் போல 200 மடங்கு. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருப்பதால் ஆபத்து விழுந்த இடத்தோடு நிற்காது. நாலு தெரு தள்ளி மாடியில் துணி காயப்போடுகிறவரையும் தேடி வரும்.

இதைவிட மோசமான ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். கம்பத்தின் ஸ்டே ஒயரில் நடுவே முட்டை மாதிரி ஒரு பீங்கான் இன்சுலேட்டர் இருக்கும். மேலே கசிவு வந்தாலும் கீழே ஆள் தொடும் பகுதிக்கு இறங்காமல் தடுப்பது அதுதான். நம் ஆட்கள் ஜி.ஐ. கம்பியின் முனையை அந்த இன்சுலேட்டருக்கு மேலே ஒரு சுற்று, பிடிப்பு போதவில்லை என்று கீழே ஒரு சுற்று போட்டு முறுக்கிவிடுவார்கள். பீங்கான் அங்கேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. ஸ்டேயில் மாட்டைக் கட்டுகிற ஊர் நம்முடையது.

எடையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொய்வுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: மீட்டருக்கு உள்ள எடையைக் கம்ப இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 40 மீட்டர் இடைவெளி, மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள ஃபைபர், 40 கிலோ இழுப்பு என்றால் நடுவில் அரை மீட்டர் தொய்வு. ஜி.ஐ. கம்பி, கோஆக்சியல், அதன்மேல் இன்னொருவர் கட்டிய கேபிள் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு அரைக்கிலோ ஆகிவிட்டால், 100 கிலோ இழுத்தாலும் ஒரு மீட்டர் தொங்கும். கம்பத்தில் 5 மீட்டரில் கட்டியது ரோட்டுக்கு நடுவில் 4 மீட்டருக்கு வந்துவிடும். அடுத்த மட்டை லாரி அதை வேலந்தாவளம் செக்போஸ்ட் வரை இழுத்துக்கொண்டு போகும். கேபிள் மட்டும் போனால் பரவாயில்லை, கம்பமும் சாயும். 8 மீட்டர் கம்பங்களில் பலவும் உச்சிக்கு அருகே 200 கிலோ இழுப்புக்கு வார்த்தவை. அந்த 100 கிலோ இழுப்பு, உச்சிக்குக் கீழே 5 மீட்டரில் இருந்தாலும், கடைசிக் கம்பத்தின் தாங்கும் திறனில் 40 சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும்போது கத்தையாகத் தொங்குகிற கேபிள்கள் வாங்கும் பக்கவாட்டு அழுத்தத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது வழி, எட்டு வடிவக் கேபிள். வெட்டிப் பார்த்தால் மேலே சின்ன வட்டத்தில் தாங்குகம்பி, கீழே பெரிய வட்டத்தில் ஃபைபர், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் கழுத்து. தனியாகக் கம்பி இழுத்துக் கட்டும் வேலை இல்லை, எடையும் குறைவு. கம்பியின் மேல் உறை இருப்பதால் முதல் வழியைவிடத் தேவலாம். ஆனால் கிளாம்ப் போடும் இடத்தில் உறையைச் சீவிவிட்டால் மறுபடி அதே இரும்புதான். தட்டையாக இருப்பதால் காற்றில் சிறகடிக்கும். இழுக்கும்போது பத்து மீட்டருக்கு ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் அது அடங்கும். இந்த முறுக்கு விடாமல் கட்டிய கேபிள் ஒரு ஆடி தாண்டுவதற்குள் கழுத்தில் கிழிந்து தொங்குவதைப் பார்க்கலாம். முதன்மை லைனுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தோட்டத்துக்குள் ஒதுங்கி, மின்கம்பி இல்லாத தனிக் கம்பங்களில் போகும் கிளை லைனுக்குப் போதும்.

மூன்றாவது ஏ.டி.எஸ்.எஸ். உலோகமே இல்லாத, தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் கேபிள். உள்ளே இரும்புக்குப் பதில் அராமிட் நூல்; புல்லட் புரூஃப் சட்டையில் போடுகிற அதே ரக இழை. கேரள அரசும் மின்வாரியமும் சேர்ந்து போட்டு, 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் இணைய வலையமைப்பு சுமார் 30,000 கிலோமீட்டர் என்று திட்டமிடப்பட்டது. அதில் உயர் அழுத்தக் கோபுரங்களின் உச்சியில் எர்த் கம்பிக்குள்ளேயே ஃபைபர் வைத்த ரகம் போகிறது, ஊருக்குள் கே.எஸ்.இ.பி. கம்பங்களில் தொங்குவது ஏ.டி.எஸ்.எஸ். மின்வாரியமே தன் கம்பத்தில் தன் கேபிளைக் கட்டும்போது இரும்பைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

மேலே போட்ட 6 ஆம்பியர் கணக்கை இங்கே போட்டால் விடை வேறு. மின்கம்பி அறுந்து விழுந்தாலும் கரண்டைத் தெரு முழுக்கக் கடத்த உள்ளே எதுவும் இல்லை. எர்த் வேண்டாம், நியூட்ரல் வேண்டாம், 11 கே.வி. லைனுக்குக் கீழே நீளமாக ஓடினாலும் தூண்டு மின்னழுத்தம் (தொடாமலே பக்கத்து லைனால் ஏறும் அழுத்தம்) என்ற தலைவலி இல்லை. உயர் அழுத்தக் கோபுரத்தில் கட்டினால் உறை மேலேயே தீப்பொறி ஓடிக் கருகும் சிக்கல் ஒன்று இதற்கு உண்டு. நம் தெருவின் 415 வோல்ட்டிலும் 11 கே.வி.யிலும் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. அணில் கடிக்கும். இரும்புக் கவசம் போட்டால் கடிக்காது, ஆனால் கவசம் போட்டால் அது ஏ.டி.எஸ்.எஸ். இல்லை. தென்னந்தோப்பு வழியாகப் போனால் இந்தச் செலவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதன் உயிர் கிளாம்பில் இருக்கிறது. முனைக் கம்பத்தில் கேபிளின் மேல் சுருளாகச் சுற்றி நீளமாகப் பிடிக்கும் டெட் எண்ட் கிரிப், இடைக் கம்பத்தில் ரப்பர் வைத்த சஸ்பென்ஷன் கிளாம்ப், கம்பத்தைச் சுற்றி ஸ்டீல் பட்டை. இதற்குப் பதில் கேபிளைக் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டால் ஃபைபர் உள்ளேயே நசுங்கி சிக்னல் விழும். வளைவுக்கும் அளவு உண்டு: கேபிளின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால், இழுக்கும்போது வளைவின் ஆரம் 24 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. விலையை ஒப்பிடுகிறவர்கள் கேபிளின் மீட்டர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். கிளாம்பையும் சேர்த்தால் ஏ.டி.எஸ்.எஸ். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜி.ஐ. கம்பி துருப்பிடித்து மறுபடி கட்டும் கூலியையும் அந்தப் பக்கம் எழுதிவிட்டு ஒப்பிட வேண்டும்.

தனிக் கம்பம், மண்ணுக்கடி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணுக்கடியில் போனால் மின்சார பயமும் லாரி பயமும் இல்லை, பி.எஸ்.என்.எல். அந்தக் காலத்தில் 1.65 மீட்டர் ஆழம் தோண்டித்தான் பதித்தது. பாறை இருக்கும் இடத்தில் சின்ன ஆபரேட்டருக்கு அது கட்டாது, தண்ணீர்க் குழாய் வேலைக்கு வரும் ஜே.சி.பி.யும் விடாது. தனிக் கம்பம் நல்ல யோசனைதான், மின்கம்பிக்கு ரோட்டின் மறுபக்கம் இடம் கிடைத்தால். மின்கம்பிக்கு நேர் கீழே ஜி.ஐ. பைப்பை நட்டுவைப்பதற்குப் பெயர் தனிக் கம்பம் இல்லை. டிரான்ஸ்பார்மர், ஏ.பி. ஸ்விட்ச் (லைனை ஆஃப் செய்யும் ஸ்விட்ச்) உள்ள கம்பத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போக மட்டும் ஒன்றிரண்டு கான்கிரீட் கம்பம் போடுவது செலவுக்குத் தகுந்த பலன் தரும். அந்த மாதிரிக் கம்பத்தில் லைன்மேன் அவசரமாக ஏற வேண்டியிருக்கும். நம் கேபிள் அவர் காலைத் தட்டக் கூடாது.

ஆக, மின்கம்பத்தில் போகும் முதன்மை லைனுக்கு ஏ.டி.எஸ்.எஸ். வீட்டுக்கு இழுக்கும் தட்டைக் கேபிளிலும் இரும்பிழைக்குப் பதில் எஃப்.ஆர்.பி. (இழை கலந்த பிளாஸ்டிக்) குச்சி வைத்தது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். முதன்மை லைனை இவ்வளவு பார்த்துப் போட்டுவிட்டு, கடைசி 30 மீட்டரில் இரும்பைக் கொண்டுபோய் வீட்டு ஜன்னலில் கட்டுவதில் அர்த்தம் இல்லை. ஃபைபரில் இன்னொரு வசதி, கம்பத்தில் இருந்து சிக்னலைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம். பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு அது வேண்டியிருந்தது.

உலோகம் இல்லாத கேபிள் என்றதும் அலுமினிய ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேபிள் கடத்தாது, ஏணி கடத்தும். மூங்கில் ஏணியோ ஃபைபர் கிளாஸ் ஏணியோதான் சரி. மூங்கிலும் நனைந்திருந்தால் வேண்டாம். மழையிலும் தூசியிலும் ஏ.டி.எஸ்.எஸ். உறை மேலேகூட ஈரம் படிந்திருக்கும் என்பதால் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் எந்தக் கேபிளையும் கரண்ட் உள்ளதாகவே நினைக்க வேண்டும். இடைவெளி குறைவான இடத்தில் செக்‌ஷன் ஆபீசில் சொல்லி லைன் ஆஃப் வாங்காமல் ஏறவே கூடாது. லைன் ஆஃப் ஆன பிறகும், தப்பாக இணைத்த யாரோ வீட்டு ஜெனரேட்டர் தெருக் கம்பிக்கே கரண்டைத் திருப்பி அனுப்பலாம். லைன்மேன் கம்பிகளை ஷார்ட் செய்து எர்த் போட்டுவிட்டு "சேட்டா, இனி ஏறிக்கோ" என்று சொல்லும்வரை கீழேயே நிற்கலாம்.

கடைசியாக, கொட்டேஷனில் யாரும் எழுதாத ஒரு வரி: பழசைக் கழற்றும் கூலி. கொச்சியில் தாழத் தொங்கிய கேபிள்கள் பைக்கில் போனவர்களின் கழுத்தில் சிக்கி உயிர்ப்பலி ஆனபோது கேரள உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. உரிமையாளர் பெயர் எழுதிய பட்டை கேபிளில் இருக்க வேண்டும் என்ற பேச்சு பெரிதானதும் அப்போதுதான். நம் தெருக்களில் தொங்குவதிலும் கணிசமான பங்கு செத்த கோஆக்சியல். சிக்னல் இல்லை, வாடகை இல்லை, எடை மட்டும் உண்டு. புது ஏ.டி.எஸ்.எஸ்.ஸை அந்தக் கத்தைக்குப் பக்கத்திலேயே கட்டினால் மேலே போட்ட தொய்வுக் கணக்கும் கம்பத்தின் இழுப்புக் கணக்கும் பழையபடியே இருக்கும். புதுசு கட்டுகிற அன்றைக்கே, லைன் ஆஃப் வாங்கியிருக்கிற அதே நேரத்தில், பழசையும் இறக்கிவிடும்படி ஒப்பந்தம் பேசுங்கள். இறக்கிய செம்பையும் அலுமினியத்தையும் பழைய இரும்புக் கடையில் போட்டால் கூலியில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும்.