மின்காரில் உதகை: ஏற்றத்தில் கொடுத்ததை இறக்கத்தில் வாங்கிய பயணம்

கோவையிலிருந்து உதகைக்குப் பேருந்திலும் பெட்ரோல் காரிலும் பலமுறை சென்றிருக்கிறேன். மின்காரில் சென்றது இந்த ஜனவரியில்தான் முதல்முறை. வண்டி, 40.5 கிலோவாட் மணி (அதாவது 40.5 யூனிட்) பேட்டரி கொண்ட டாடா நெக்ஸான் இ.வி. பெரியவர்கள் நால்வர், மூன்று பெட்டிகள், மூன்று நாள்கள். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கினோம். மின்காரில் மலையேறலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த அனுபவத்தை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

நிறுவனம் இந்த பேட்டரிக்கு அறிவித்த தூரம் 465 கிலோமீட்டர். அது சோதனைக்கூட அளவீடு. மலைப்பயணத்திற்கு அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. மலையில் தூரத்தை விட உயரமே முக்கியம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து சுமார் 1,750 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை அந்த 1,900 மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலை உராய்வும் மோட்டாரில் ஏற்படும் இழப்பும் அதற்கு மேல். ஆகவே 51 கிலோமீட்டர் ஏற்றத்திற்கு 14 அல்லது 15 யூனிட் செலவாகும் என்று வீட்டிலேயே கணக்கிட்டு வைத்திருந்தேன்.

கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. கோவையில் முழு சார்ஜுடன் புறப்பட்ட வண்டி மேட்டுப்பாளையத்தில் 87 சதவீதமும், உதகையில் 51 சதவீதமும் காட்டியது. ஆனால் கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியவுடன், 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று திரை காட்டும் எண் மளமளவென்று சரியத் தொடங்கியது, பின் இருக்கையிலிருந்த என் அம்மா இரண்டு முறை "திரும்பிடலாமாப்பா?" என்று கேட்டுவிட்டார். அந்த எண் சற்றுமுன் ஓடிய ஓட்டத்தை வைத்து இனி ஓடக்கூடியதை ஊகிக்கிறது. மலையில் அதை நம்பிப் பயப்படவோ மகிழவோ வேண்டாம். சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

ஏறும்போது இந்த வண்டி தரும் இன்பம் தனி. மோட்டாரின் 215 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வண்டி நகரத் தொடங்கும்போதே கிடைத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் லாரி நின்றால், நாமும் நின்று, மீண்டும் பின்னுக்கு வழுக்காமல் எடுக்கலாம். கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிப்பதும், கருகிய நாற்றம் வருவதும் இல்லை. இதே மலைச்சரிவில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, 12 அடிக்கு ஓரடி உயரும் பாதையில், பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு 1899 முதல் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பர்லியாறு அருகே ஜன்னல்களை இறக்கிவிட்டபோது ஓடையின் சத்தமும், சிறுவன் சீட்டியடிப்பது போன்ற சீகாரப் பூங்குருவியின் குரலும் காருக்குள் வந்தன. எத்தனையோ முறை கடந்துபோன இடம். அந்தக் குரலை நான் அங்கே கேட்டது இதுவே முதல்முறை.

சார்ஜிங் வசதியைப் பற்றி மனத்தாங்கலோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மலைமேல் நாங்கள் தேடிப்போன ஒரு பொது நிலையத்தில் இருந்த இரண்டு சார்ஜிங் கன்களில் (வண்டியில் செருகும் கைப்பிடிகளில்) ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றின் முன்னால் ஒரு டீசல் வண்டியை நிறுத்திவிட்டு உரிமையாளர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் காத்திருந்து திரும்பினோம். மின்காருக்கென ஒதுக்கிய இடத்தில் வேறு வண்டி நிற்பதை யாரும் தவறாகவே கருதுவதில்லை என்பது வருத்தம் தருகிறது.

தங்கிய விடுதியில் வேறொரு சிக்கல். அது பழைய கட்டடம். எங்கள் அறைக்கு வெளியே இருந்த 15 ஆம்பியர் பிளக்கில் வண்டியோடு வந்த சார்ஜரைச் செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. காரணம், அந்த இணைப்பில் எர்த் இல்லை. எர்த் இல்லாத இடத்தில் சார்ஜர் மறுப்பது நம் பாதுகாப்புக்காகத்தான். அதை ஏமாற்றி வேலை செய்ய வைக்க ஒருபோதும் முயலக்கூடாது. கடைசியில் விடுதிச் சமையல்காரர், கிரைண்டர் போட்டிருந்த பிளக்கைக் காட்டி, "இதுல போட்டுப் பாருங்க சார், இதுக்குப் போன மாசம்தான் புதுசா ஒயரிங் பண்ணாங்க" என்றார். வண்டியைச் சமையலறையின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம். பச்சை விளக்கு எரிந்தது. பைக்காரா வரை சுற்றிவிட்டு 33 சதவீதத்தில் நின்றிருந்த பேட்டரி, காலைக்குள் 80 சதவீதம் ஆகிவிட்டது. அவருக்கு மிகுந்த நன்றி. அறை முன்பதிவு செய்யும்போதே, எர்த்துடன் கூடிய 15 ஆம்பியர் பிளக் வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

80 சதவீதத்தில் நிறுத்தியது வேண்டுமென்றே செய்தது. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைப் பிடித்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போய்ச் சேர இடம் இருக்காது. வேகத்தைப் பிடிக்கும் அந்தச் செயலும் குறைந்து, சாதாரண பிரேக்கையே நம்ப வேண்டியிருக்கும். ஆகவே மலை உச்சியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு புறப்படுவது, பணத்துக்கும் நஷ்டம், பிரேக்குக்கும் சுமை.

இறக்கம்தான் இந்தப் பயணத்தின் உயிர். 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்ற பலகைகள் வரிசையாக நிற்கும் பாதையில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு போன்ற பொத்தானால், மோட்டார் ஆற்றலைத் திருப்பி அனுப்பும் மீட்பு அளவை மூன்றுக்கு ஏற்றி வைத்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக அடங்குகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரையுள்ள 33 கிலோமீட்டரில், வளைவுகளிலும் எதிரே பேருந்து வந்த இடங்களிலும் மட்டுமே பிரேக்கை மிதித்தேன். நடுவே நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இதே பாதையில் என் பழைய காரில் அனலடித்த இடத்தில், வெதுவெதுப்பு மட்டுமே இருந்தது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதால் விபத்துகள் நேரும் மலைப்பாதையில் இது சிறிய நன்மை அல்ல.

கோத்தகிரிக்கு முன்பு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. தள்ளி நிறுத்தினோம், வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை. அது தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கியது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டது போன்ற அதன் கால்களையும், ஈரமான மூக்கிலிருந்து வந்த ஆவியையும் கண்ணாடி வழியே பத்து நிமிடம் பார்த்தோம். ஆனால் வண்டி வருவது விலங்குகளுக்கு எளிதில் கேட்காது என்பதால், வளைவுகளில் மெதுவாகச் செல்வது நம் பொறுப்பு.

குளிரில் ஹீட்டரும் பேட்டரியைத்தான் குடிக்கும். நாங்கள் கம்பளி போர்த்திக்கொண்டோம். ஒரே நாளில் உதகை போய்த் திரும்ப நினைப்பவர்களுக்கும் இந்த பேட்டரி போதும். கூடலூர் தாண்டி மைசூர் வரை போக நினைப்பவர்கள், வழியில் இரண்டு நிலையங்களையாவது முன்கூட்டியே அழைத்து விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உதகையில் 80 சதவீதத்தில் புறப்பட்ட வண்டி கோத்தகிரியில் 76 காட்டியது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி நின்றபோது 83. அம்மா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வால்பாறை போகலாமா என்று கேட்டார்.